வாட்டின் கடைசி ஆளிடம் கேட்டார்களா?

எமது பகுதியிலுள்ள கிராமிய வைத்தியசாலை ஒன்றுக்குச் சில காலத்துக்கு முன்னர் மதிப்பீட்டுக் குழுவொன்று வந்து போனது. வருகைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. உடைந்து கிடந்த வாங்குகள் பின்பக்கக் கொட்டிலுக்குப் போயின. மருந்து கொடுக்கும் யன்னலுக்கு மேலே புதிய பலகை ஏறியது. வந்தவர்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். முறைப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் ஒரு துண்டுகூட இருக்கவில்லை. சிகிச்சையில் நேரும் தவறுகளை எழுதும் பதிவேட்டிலும் ஒரு வரியும் இல்லை. முறைப்பாடு எதுவுமில்லை, ஊழியரிடையே நல்லுறவு நிலவுகிறது என்று எழுதி நல்ல புள்ளிகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வெறும் பெட்டியைப் பற்றித்தான் நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

அதே வைத்தியசாலையில், அதற்கு முந்திய மாரியில் நடந்த ஒரு சம்பவம் எமக்குத் தெரியும். மீளக்குடியேறிய கமக்காரர் ஒருவர் வயல் காவலுக்குப் போய் கொட்டிலில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலியும் சத்தியுமாக எழும்பினார். வீட்டார் அவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உடம்பில் காயம் ஒன்றும் தெரியவில்லை. கடமையிலிருந்த வைத்தியர், முழு வைத்தியசாலைக்கும் அன்று அவர் ஒருவரே, பார்த்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு வாட்டில் படுக்கவைத்தார். அந்த வாட்டில் வேலை செய்த சிற்றூழியர் ஒரு பெண். அவரும் கமக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவர். நோயாளியின் கண்மடல்கள் சரிவதையும் பேச்சுக் குழறுவதையும் அவர் கண்டார். தன்னுடைய தமையனைக் கட்டுவிரியன் தீண்டியபோது இதே விதமாக இருந்தது அவருக்கு நினைவு வந்தது. தாதியிடம் மெல்லச் சொன்னார். "டொக்டர் பாத்திட்டார்தானே" என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து நோயாளிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பல நாட்கள் சுவாச இயந்திரத்தில் வைத்திருந்து, ஒருவாறு காப்பாற்றினார்கள்.

பின்னர் அந்தப் பெண்ணிடம் நாம் கேட்டோம், ஏன் நேரே வைத்தியரிடம் போய்ச் சொல்லவில்லை என்று. "நான் சொன்னா ஆர் கேக்கப் போகினம்? பிறகு தனக்கு எல்லாம் தெரியுமெண்டு கதைக்கிறாள் எண்டு சொல்லுவினம்" என்றார்.

இதில் வைத்தியரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமல்ல. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. நித்திரையில் தரையில் கிடப்பவரைத் தீண்டிவிட்டுப் போய்விடும், கடிபட்டவருக்கே தெரியாது. வயிற்றுவலி மட்டும் முதலில் தோன்றி வைத்தியர்களை ஏமாற்றிய சந்தர்ப்பங்கள் எமது நாட்டில் பல. ஆனால் அந்த வாட்டில், அந்த நேரத்தில், சரியான விடயம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அது அவருடைய வாயிலிருந்து வைத்தியரின் காதுக்குப் போவதற்கு வழி இருக்கவில்லை. இருபது அடி தூரந்தான். மதிப்பீட்டுக் குழுவின் எந்தப் படிவத்திலும் அந்த இருபது அடியை அளப்பதற்கு இடமில்லை.

ஒரு கூட்டமாக வேலை செய்பவர்களிடையே, எழுதப்படாமலே எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. யார் முதலில் பேசுவது, யார் பேசாமலிருப்பது, பிழை நேர்ந்தால் சொல்வதா மறைப்பதா, புதிதாக வந்தவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்பனவெல்லாம் அதில் அடங்கும். இதனையே ஆய்வாளர்கள் நிறுவனத்தின் கலாசாரம் என்கிறார்கள். எட்கார் ஷைன் என்ற அமெரிக்க அறிஞர் இதனை மூன்று படைகளாகப் பிரித்துக் காட்டினார். மேலே கண்ணுக்குத் தெரிவது. அதன் கீழ் அந்த நிறுவனத்தார் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது. அடியில் எவரும் சொல்லாமலே எல்லோரும் உண்மையென்று எடுத்துக்கொண்டிருப்பது. வெள்ளையடித்த சுவர் முதலாவது. சுவரில் தொங்கும் 'நோயாளரே எமது முதன்மை' என்ற பலகை இரண்டாவது. 'நான் சொன்னா ஆர் கேக்கப் போகினம்' என்பது மூன்றாவது. மேல்மண்ணைப் பார்த்துப் பயிர் வைப்பவர் எம்மில் எவருமில்லை. மண்வெட்டி போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இது வசதியற்ற நாடுகளில் மாத்திரம் உள்ள குறை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுடைய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், மூக்கின் உட்பகுதியில் ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்காகத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் அவருடைய சுவாசப் பாதை அடைபட்டது. அனுபவமிக்க விசேட வைத்தியர்கள் மூவர் அங்கு நின்றார்கள். வாய் வழியாகக் குழாய் செலுத்துவதிலேயே அவர்கள் திரும்பத் திரும்ப முனைந்தார்கள். இருபது நிமிடங்களுக்கு மேலாக அவருடைய இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. அறையில் நின்ற தாதிமாருக்கு நிலைமை விளங்கியிருந்தது. ஒருவர் தொண்டையில் துளையிட்டுச் சுவாசப் பாதை திறக்கும் உபகரணத்தைக் கொண்டுவந்து வைத்து, அது ஆயத்தம் என்று சொன்னார். இன்னொருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒன்றை ஒழுங்குசெய்தார். வைத்தியர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தாம் அளவுக்கு மீறிப் பதறுகிறோம் என்று எண்ணவைக்கும் விதமாக அவர்கள் பார்த்ததனால், கட்டில் வேண்டாமென்று பின்னர் சொல்லப்பட்டது. எலெய்ன் நினைவு திரும்பாமலே 13 நாட்களின் பின்னர் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானமோட்டி. வழக்குப் பேசுவதில் அவர் காலத்தைக் கழிக்கவில்லை. விமானத்துறையில் ஒரு விபத்து நடந்தால் என்ன பிழை, ஏன் பிழை என்று எல்லோருக்கும் தெரியும்படி விசாரிப்பார்களே, வைத்தியசாலையில் அப்படிச் செய்வதில்லையா என்று கேட்டார். சுயாதீன விசாரணை நடந்தது. அதிலே தெரியவந்தவற்றை அவர் தம் மனைவியின் பெயரோடு உலகறியச் செய்தார். 2007இல் வைத்தியர்களையும் தாதியரையும் விமானத்துறையினரையும் சேர்த்து இது பற்றி வேலை செய்யும் குழுவொன்றையும் தொடங்கினார்.

விமானமோட்டிகளுக்கு இந்தப் பாடம் இலேசில் வந்ததல்ல. 1977 மார்ச் 27ஆந் திகதி ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீப் தீவில், பனிமூட்டத்தில், இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையில் நிற்கிறதோ என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியியலாளர் சந்தேகத்தோடு கேட்டார். மிக மூத்த கப்டன் அந்தச் சந்தேகத்தைத் தட்டிக் கழித்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். கீழ்ப்பதவியில் உள்ளவர் துணிந்து சொல்லவும் மேலேயுள்ளவர் நின்று கேட்கவும் பழக்கும் பயிற்சிகள் இத்தகைய விபத்துகளின் பின்னரே விமானத்துறையில் பரவின. விமானக் குழுவினரின் மனப்பாங்கை அளப்பதற்கென அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட வினாக்கொத்தே பின்னர் வைத்தியசாலைகளுக்கு ஏற்ற விதமாக மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், இளையவரின் சொல்லுக்கு இடங்கொடாத கடுமையான ஏற்றத்தாழ்வை ஏற்கமாட்டோம் என்று விமானமோட்டிகளில் 97 வீதமானோர் சொன்னார்கள். விசேட சத்திரசிகிச்சை வைத்தியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 55 வீதம் மட்டுமே.

இனி அந்த வெறும் பெட்டிக்கு வருவோம்.

1990களில் அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கத்தில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் இரண்டு வைத்தியசாலைகளின் எட்டு வாட்டுகளில் ஓர் ஆய்வு செய்தார். அப்போது அவர் மாணவி. ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் வேலை செய்யும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எவரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களிலேதான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன! ஆய்வு பிழைத்துவிட்டதோ என்று மனம் கலங்கியவர், பிறகு வேறொரு விதமாக யோசித்தார். இந்தக் கணக்குகள் எதுவும் தெரியாத ஒருவரை அந்த வாட்டுகளுக்கு அனுப்பி, அங்கு மனிதர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துவரச் செய்தார். விடயம் விளங்கியது. நல்ல குழுக்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை. நேர்ந்த தவறுகளை ஒளிக்காமல் பேசின. மற்றைய வாட்டுகளில் தாதியர் பயத்தினால் மறைத்தார்கள். இந்த ஆய்வு 1996இல் வெளியாயிற்று.

இதனை எமது வாசகர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். முறைப்பாடு குறைவாக இருப்பது நல்ல அடையாளம் என்று அதிகாரிகள் மட்டுமல்ல, நாமுங்கூட நம்புகிறோம். ஒரு வைத்தியசாலையின் தவறுப் பதிவேடு வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தால், அங்கு தவறே நடக்கவில்லை என்று கொள்வதா, அல்லது அங்கு எழுதுகிறவர்களின் கை நடுங்குகிறது என்று கொள்வதா? மனிதர் வேலை செய்யும் இடத்தில் தவறு நேராமல் இராது. ஆகவே இரண்டாவதே பெரும்பாலும் உண்மை என்பது எமது அபிப்பிராயம்.

வினாக்கொத்தை நிரப்புவதாலும் சில சமயம் உண்மை மறைந்துபோகும். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது என்ன செய்வோம்? வயலில் அங்குமிங்குமாகப் பல இடங்களில் தோண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பகுதியை அனுப்புவோம். மண்ணுக்கு அது சரி. மனிதருக்கு அது சரிவராது. 2006இல் அமெரிக்காவின் 60 வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களிலிருந்து வந்த விடைகளைப் பாருங்கள். தாதியருடன் கூடி வேலை செய்வது எப்படியிருக்கிறது என்று சத்திரசிகிச்சை வைத்தியர்களைக் கேட்டபோது 87 வீதம் நன்று என்றார்கள். அதே வைத்தியர்களுடன் கூடி வேலை செய்வது எப்படி என்று தாதியரைக் கேட்டபோது 48 வீதமே நன்று என்றார்கள். ஒரே அறை, ஒரே மேசை. இரண்டையும் கலந்து நடுவில் ஓர் எண்ணை எழுதினால், பரவாயில்லை என்ற முடிவு வரும். நோய் அந்த இடைவெளியில் கிடப்பது எவருக்கும் தெரியாது. எனவே விடைகளைப் பதவிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வைத்தியர் வேறு, தாதியர் வேறு, மருந்தாளர் வேறு, குடும்பநல உத்தியோகத்தர் வேறு, சிற்றூழியர் வேறு, அம்புலன்ஸ் சாரதி வேறு. மேலிருந்து கீழே வரும்போது புள்ளி எவ்வளவு சரிகிறது என்பதே பார்க்க வேண்டிய கணக்கு.

இலக்கங்களை மாத்திரம் பார்த்து ஆளப்பட்ட ஒரு வைத்தியசாலைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்ராபோர்ட் நகரம் சாட்சி. 2005ஆம் ஆண்டு முதல் 2009 வரை அங்கு நோயாளர் பலர் கழுவித் துடைக்க ஆளின்றிக் கிடந்தார்கள். தாகத்தில் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்களும் உண்டென்று உறவினர் சாட்சியமளித்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டுமென்பது அரசாங்கத்தின் இலக்கு. அந்த இலக்கைக் காட்டுவதற்காக நேரங்கள் பொய்யாக எழுதப்படுகின்றன என்று முறையிட்ட தாதி மிரட்டலுக்கு ஆளானார். இவ்வளவும் நடந்துகொண்டிருந்த 2008ஆம் ஆண்டிலே அந்த வைத்தியசாலை நிருவாகத்துக்கு, நன்றாக நடப்பவற்றுக்கே கிடைக்கும் உயர்ந்த தகுதியும் வழங்கப்பட்டது. உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அங்கு தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண். தம்மைப்போல் இழந்தவர்களைச் சேர்த்து 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடினார். ரொபேட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013இல் 290 சிபாரிசுகளோடு வெளிவந்தது. அந்த அறிக்கை திரும்பத் திரும்பச் சொன்ன சொல் கலாசாரம் என்பதே.

"மருந்தே இல்லை, வைத்தியரே இல்லை, இதற்குள் கலாசாரத்தை அளந்து என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எமது வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்துபோனதையும், வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனதையும் நாம் எல்லோரும் கண்டோம். ஒரு வைத்தியர் மூன்று பேருடைய வேலையைச் செய்யும் இடத்தில் அவருக்குக் கோபம் வருவதும் இயல்பே. ஆனால் ஆள் குறைந்த இடத்திலேதான் மற்றவர்களுடைய கண்ணும் காதும் அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அலுமாரியில் பாம்புக்கடி மருந்து முடியப்போகிறது என்பதை முதலில் காண்பவர் அலுமாரி துடைப்பவர். தண்ணீர் குறைந்த போகத்தில் வாய்க்கால் உடைப்பைக் கண்ட சிறு பிள்ளை சொன்னாலும் ஓடிப்போய்ப் பார்ப்போமல்லவா?

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்த மௌனத்தில் எமக்கும் பங்குண்டு. இடம்பெயர்ந்து வாழ்ந்த வருடங்களில் நாம் வரிசையில் நிற்கப் பழகினோம். நிவாரண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்துக் கேட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து வாய்பொத்தி நின்றோம். 2009இல் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களுக்கு அங்குள்ள வைத்திய நிலையங்களின் வரிசை மறந்திருக்காது. நோயைத் தமிழில் சொல்ல, யாரோ ஒருவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, மூன்று நிமிடத்தில் துண்டு கைக்கு வந்துவிடும். என்ன மருந்து, ஏன் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்கவே தோன்றவில்லை. அந்தப் பழக்கத்தை நாம் முகாமில் விட்டுவிட்டு வரவில்லை. பாயோடும் பானையோடும் அதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். இன்று எமது கிராமத்து வைத்தியசாலையின் வாங்கிலும் அதே விதமாகத்தான் இருக்கிறோம். இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் பிறர் காணியில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. மதிப்பீட்டாளர் வந்து "சேவை எப்படி?" என்று கேட்டால், "நல்லம் ஐயா" என்போம். அந்த 'நல்லம்' எங்கேயோ ஒரு படிவத்தில் புள்ளியாக ஏறுகிறது.

எமது நாட்டில் நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில், அப்போதைய பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொடவின் காலத்தில், ஜப்பானியரின் 'ஐந்து எஸ்' முறை கொண்டுவரப்பட்டது. தேவையற்றதை அகற்றுதல், ஒழுங்காக வைத்தல், துப்புரவு செய்தல், அதனை ஒரே தரத்தில் பேணுதல், அதையே பழக்கமாக்குதல் என்ற ஐந்துமே அது. வேலை செய்பவர்களே சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் வாட்டின் குறைகளைத் திருத்தினார்கள். 2007இலிருந்து ஜப்பானிய உதவியோடு ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இதைப் படிக்க இலங்கைக்கு வந்தார்கள். பெருமைப்பட வேண்டிய விடயந்தான். ஆனால் அதைப் பார்த்துச் செய்த பல இடங்களில் கதை முதல் மூன்றோடு நின்றுவிட்டது. அலுமாரியில் பெயர்த்துண்டு ஒட்டியாயிற்று, தரையில் மஞ்சள் கோடு போட்டாயிற்று, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. சிறு குழுக்கள் கூடுவதுதான் அந்த முறையின் உயிர்; அது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகவே அதற்குப் புள்ளியுமில்லை.

தாய் மரண விசாரணையையும் சொல்லலாம். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு தாய் இறந்தால், அந்த மரணத்தை வைத்தியசாலையிலும் பிரதேசத்திலும் ஆராய்வது எமது நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. எவரையும் தண்டிப்பதற்கல்ல, எங்கே தவறியது என்று காண்பதற்கே அது. அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்வந்த குடும்பநல உத்தியோகத்தரும் அங்கு இருப்பார். விசேட வைத்தியர்கள் நிறைந்த அறையில் அவர் தாம் கண்டதை முழுவதும் சொல்லக் கூடியதாக இருக்கும் இடத்தில் அந்த விசாரணை பயன் தருகிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் இடத்தில் கோப்பு மட்டும் பூர்த்தியாகிறது.

கலாசாரத்தை மாற்ற முடியாது, அது ஊறிப்போனது என்பவர்களுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைக் காட்டலாம். அங்கு 2003 தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய இரத்த நாளத்தில் குழாய் ஏற்றும்போது செய்ய வேண்டியவை ஐந்து என்று வகுத்தார்கள். கை கழுவுதல் முதலாவது. இவை வைத்தியர்களுக்குத் தெரியாதவையல்ல. புதிதாகச் செய்தது யாதெனில், வைத்தியர் ஒன்றைத் தவறவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைத் தாதிக்குக் கொடுத்ததும், அப்படித் தடுத்தவருக்கு நிருவாகம் பின்னால் நின்றதுமே. அதோடு ஒவ்வொரு பிரிவிலும் ஊழியர்களின் மனப்பாங்கையும் வினாக்கொத்து மூலம் அளந்து பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள், அரைவாசிக்கு மேற்பட்ட பிரிவுகளில் குழாயினால் வரும் இரத்தத் தொற்று ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது.

எமது வைத்தியசாலைகளின் அபிவிருத்திக் குழுக்களிலும் நலன்புரிச் சங்கங்களிலும் எம்மவர் பலர் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். இதுவரை நாம் அங்கு கேட்டவை கட்டிடம், மின்பிறப்பாக்கி, தண்ணீர்த் தாங்கி. அவை வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் வேறு சிலவற்றையும் கேட்டுப் பார்ப்போம். உங்கள் தாயையோ பிள்ளையையோ இந்த வாட்டில் படுக்கவைப்பீர்களா என்று இங்கு வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் பெயர் எழுதாமல் விடை வாங்குவீர்களா? இங்கிலாந்தில் வருடந்தோறும் நடக்கும் சுகாதார ஊழியர் கணிப்பில் இதற்கு ஒத்த கேள்வி உண்டு. சென்ற ஆறு மாதத்தில் கீழ்ப்பதவியில் உள்ளவர் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையில் மாற்றிய ஒரு விடயத்தைச் சொல்ல முடியுமா? தவறைத் தாமாக எழுதிய ஊழியருக்கு அதன் பிறகு என்ன நடந்தது? இடமாற்றமா, நன்றியா? மதிப்பீட்டின் முடிவை ஊழியர்களுக்கும் எமக்கும் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? படிவம் நிரப்ப முடியாத சிற்றூழியரிடம் வெளியாள் ஒருவர் தனியே இருந்து கேட்பாரா? மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கக் கேட்டால் முன்னையதைப் போன்ற விடையே வரும்; கேட்டதும் வீண்.

நோயாளரையும் கேட்க வேண்டும். ஆனால் மருந்து யன்னலடியில் வைத்தல்ல. வீட்டுக்குப் போய் ஒரு கிழமை கழிந்த பின்னர், முற்றத்தில் இருந்து கேட்டால் 'நல்லம் ஐயா'வுக்குப் பின்னால் உள்ளதும் வெளியே வரும். கிராமத்துச் சங்கங்களில் உள்ள இளைஞர் யுவதிகள் இதைச் செய்யலாம். சண்டை பிடிக்கும் நோக்கத்தோடு போகக்கூடாது என்பதை மட்டும் அவர்களுக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தாதியரைத் திட்டுவதற்கு எமது ஆட்களுக்கு ஒருவரும் பழக்க வேண்டியதில்லை. பெரிய வைத்தியரிடம் பேசப் பயந்து, கையில் அகப்பட்ட சிற்றூழியர் மீது பாய்வதும் எம்மிடையே நடப்பதுதான்.

பாம்பு தீண்டிய அந்தக் கமக்காரர் இப்போது சுகமாக இருக்கிறார். சென்ற போகம் விதைத்தார். வைத்தியசாலைக்கு வேறொரு வைத்தியர் மாற்றலாகி வந்திருக்கிறார். காலையில் வாட்டைச் சுற்றி வரும்போது, இரவு நின்ற சிற்றூழியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ராத்திரி என்ன கண்டனீங்கள்?" என்று அவர் கேட்பதாக அந்தப் பெண் எமக்குச் சொன்னார். முதல் இரண்டு மூன்று நாளும் எவரும் பதில் சொல்லவில்லையாம். நாலாம் நாள் ஒருவர், பன்னிரண்டாம் கட்டிலில் இருக்கும் கிழவர் குளிசைகளை விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைக்கிறார் என்று சொன்னாராம்.

மதிப்பீட்டுக் குழு மறுபடியும் வரவிருக்கிறது. படிவத்தை நாம் வாங்கிப் பார்த்தோம். அது பழைய படிவந்தான்.